தொணைக்கு வந்தவ

டிரைவர் எங்கேன்னு கேட்டீங்களே தம்பி, டிரைவர் நாந்தானுங்க. எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? லைசென்சு இருக்குது. எடுத்துக் காட்டட்டுங்களா? வேண்டாமா, சரி. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. பெட்ரோல் பங்குல கேட்டாங்க, டோல்கேட்டுல கேட்டாங்க, போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல கேட்டாங்க. வண்டியைப் பாத்ததும் பல்லைக் காட்டிக்கிட்டு ஓடி வர வேண்டியது. நான் ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், என்னைத் தாண்டி எட்டிப் பாத்து, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காருங்களான்னு கேக்க வேண்டியது.

டீ குடிக்கப் போயிருக்கறது எங்கூட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. அந்தா, கடை பெஞ்சுல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நாலு பேருக்கு நடுவுல உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான். வண்டிக் கதையைத்தான் ஆரம்பிச்சிருப்பாரு. இனி அரை மணி நேரத்துக்கு எந்திரிக்க மாட்டாரு. வண்டிக்கும் சூடு ஆறணும். நீங்க அந்தக் கல்லு மேல உக்காருங்க.

பல்லடத்துல இருந்து பைக்குல தொரத்திக்கிட்டே வந்தீங்கல்ல? கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன். மொதல்ல திருட்டுப் பயலோன்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. அப்புறம் போனைத் தூக்கி படம் புடிச்சீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது, இதுவும் எங்கூட்டுக்காரர் ரகந்தான்னு. பழைய வண்டியைக் கண்டா பின்னாலயே போற ரகம்.

ஆமாங்க, மோரிஸ் மைனர். அம்பத்தி நாலாம் வருசத்து வண்டி. முன் கண்ணாடி ரெண்டு துண்டா இருக்குது பாருங்க, அதை வெச்சே சொல்லிரலாம். யாரு வெச்சிருந்த வண்டின்னு கேக்கறீங்களா? இப்ப யாரு வண்டின்னு கேளுங்க மொதல்ல. இது என்ற வண்டி. ஆர்.சி. புத்தகத்துல அவரு பேருதான் இருக்குது, இருக்கட்டும். புத்தகத்துல இருக்கறவங்களா வண்டியை ஓட்டறாங்க?

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அவரு வாயால, நாலு பேரு முன்னாடி, இது அவ வண்டிதான்னு ஒருக்கா சொல்லணும். ஒரு வருசமாச்சு, இன்னும் சொல்லலை. சொல்லாம உடறதா இல்லை நானும்.

சொல்றேன், மொதல்ல இருந்தே சொல்றேன்.

எங்கூட்டுக்காரரு கெணத்துக்கடவுல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. தோட்டத்து மோட்டாரு பொகைஞ்சு போச்சுன்னா அவருகிட்டத்தான் வருவாங்க. நல்ல தொழில்காரரு, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். கொறை என்னன்னா இந்தக் கண்ணு. ரோட்டுல பழைய காரு போனா அவருக்கு மத்தது ஒண்ணும் தெரியாது. கல்யாணமாகி மூணாம் மாசம், உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல என்னை நிக்க வெச்சுட்டு, இதோ வந்தர்றேன்னு ஒரு கருப்புக் காருக்குப் பின்னால ஆட்டோ புடிச்சுப் போனவருங்க. திரும்பி வரும்போது பொழுது சாஞ்சிருச்சு. எங்கம்மா ஊட்டு விருந்துக்குப் போறதுக்குப் பொறப்பட்டவங்க நாங்க. கையில வாழைத்தாரோட நின்னுக்கிட்டிருந்தேன். வந்து என்ன சொன்னாருங்கறீங்க? அது டாட்ஜு காரு இல்லையாம், வேற ஏதோவாம். அதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றாரு. நான் ஏன் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறேன்னு கேக்கத் தோணலை.

தொண்ணூத்தி ஆறுல இந்த வண்டியை வாங்கியாந்தாரு. சூலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்காரர் ஊட்டுக் கொட்டாயில கெடந்தது. வாங்கி வந்த ஆறு மாசத்துல ஸ்டார்டர் மோட்டாரு போயிருச்சு. அதான், சாவி போட்டா வண்டியைச் சுத்தி உடற மோட்டாரு. இதைக் கேளுங்க தம்பி. ஊருல இருக்கற மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டற மனுசன், சொந்த வண்டி மோட்டாருக்குக் காயில் கட்ட நேரமில்லைன்னுட்டாரு. நாளைக்கு, நோம்பி முடியட்டும், தண்ணி சீசன் முடியட்டும். இருவத்தேழு வருசம் முடியலைங்க அந்தச் சீசன்.

அப்ப வண்டி எப்படி எடுக்கும்? ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் எடுக்கணும். யாரு சுத்துனாங்க?

இந்தக் கைதானுங்க. பாருங்க, கூச்சப்படாமப் பாருங்க. வலது கையும் இடது கையும் ஒண்ணாட்ட இருக்குதா? இல்லைல்ல? ஜாக்கெட்டுத் தைக்கறவ ஒவ்வொரு தடவையும் கேப்பா, ஏனக்கா ஒரு கை மட்டும் ரெண்டு விரக்கடை எச்சு வேணுங்குதேன்னு.

அவரு உள்ள உக்காந்துக்குவாரு. சாவியைத் திருப்பி, சோக்கை இழுத்து, ம்ம்பாரு. அந்த ம்ம் கேட்டதும் நான் சுத்தோணும். மழை பெஞ்சாலும் நான்தான், பட்டுச்சேலை கட்டியிருந்தாலும் நான்தான். எட்டு மாசக் கர்ப்பத்துலகூட ஒருக்கா சுத்தியிருக்கேன், எங்க மாமியா பாத்துட்டு மகனை வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டுத் தொரத்துனாங்க. அதுக்கப்புறம் பக்கத்து ஊட்டு ஆளைக் கூப்பிட்டாரு ஒரு மாசம். அந்த ஆளு சுத்துனா பத்துச் சுத்து ஆகுது. புள்ளை பொறந்து நாப்பது நாள் ஆனதும் மறுக்கா என்ற கையிலயே ஹேண்டிலைக் குடுத்துட்டாரு.

சுத்தறதுன்னா சும்மா இல்லைங்க. முன்னாடி ஓட்டைல ஹேண்டிலை உட்டு, உள்ள இருக்கற பல்லுல கடிக்கற வரைக்கும் அமுக்கோணும். சாவி போடாம ரெண்டு சுத்து மெதுவா உட்டு, பெட்ரோலை உள்ள இழுக்க வைக்கோணும். அப்புறம் கீழ இருந்து மேல ஒரே இழுப்பு. இன்னொண்ணு இருக்குது, அதுதான் முக்கியம். கட்டை வெரலும் மத்த நாலு வெரலும் ஒரே பக்கம் இருக்கோணும். குடத்தைப் புடிக்கறாப்புல கட்டை வெரலை மடக்கிப் புடிக்கக் கூடாது. ஏன்னா வண்டி சில நேரம் ஒதைக்கும். நாம ஒரு பக்கம் சுத்துனா, அது எதுக்கால திருப்பி அடிக்கும். வெரல் ஒரே பக்கம் இருந்தா கை நழுவிப் போயிரும், தப்பிச்சுக்கலாம். மடக்கிப் புடிச்சிருந்தா மணிக்கட்டு போச்சு. எனக்கு இதை யாரும் சொல்லித் தரலைங்க. மொத மாசத்துலயே ஒருக்கா கட்டை வெரல் வீங்கி, ஒரு வாரம் இடது கையில சோறு தின்னேன். அதுல இருந்து கத்துக்கிட்டதுதான்.

அவருக்கு அது தெரியாது. எப்படித் தெரியும், இருவத்தேழு வருசத்துல ஒரு நாளாவது வண்டிக்கு முன்னாடி வந்து நின்னிருந்தாத்தானே.

ஆனா பேச்சை மட்டும் கேக்கோணும். ஒறம்பரை வந்தா, கடைக்கு ஆளு வந்தா, பெருமையாச் சொல்லுவாரு, என்ற வண்டி ஒரே சுத்துல எடுக்கும்னு. என்னமோ வண்டி தானே சுத்திக்கறாப்புல.

வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடுனது யாருன்னு நெனைக்கறீங்க? அவரு ரோட்டுல ஓடற வண்டியைத்தான் பாப்பாரு. ஓடாத வண்டியைப் பாக்கறது நான். நெகமத்துக்குப் பக்கத்துல ஒரு தோப்பு ஊட்டுல தண்ணி கேட்டுக் குடிச்சுட்டு நிக்கறேன், ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் கோழி கொக்கரிக்குது. சத்தம் என்னமோ தகரத்துக்குள்ள இருந்து வர்றாப்புல இருக்குதேன்னு எட்டிப் பாத்தேன். ஒரு மோரிஸ் மைனருங்க. சக்கரம் இல்லை, கூரை பாதி இல்லை, பின் சீட்டுல ஏழு கோழி அடைகாத்துக்கிட்டிருக்குது. கியர் பாக்ஸ் முழுசா இருந்துச்சு. அந்த ஊட்டம்மா காசு வேண்டாம்னுட்டாங்க, அவிய ஊட்டுல கிரைண்டர் ரிப்பேராக் கெடந்தது. எங்கம்மா எனக்குச் சீராக் குடுத்த கிரைண்டரைத் தூக்கிக் குடுத்துட்டு, கியர் பாக்ஸையும் ரெண்டு கதவையும் வாங்கியாந்தேன். ரெண்டு வருசம் ஆட்டுரல்லதான் மாவாட்டினேன். அவரு ஊரெல்லாம் சொன்னது என்னன்னா, நெகமத்துல ஒரு கியர் பாக்ஸ் கண்டுபுடிச்சேன். கண்டுபுடிச்சேன். கேட்டுக்கங்க.

நான் சண்டை போடலைங்க அப்ப. இப்ப நெனச்சா என்ற மேலதான் ஆத்திரம் வருது.

போன வருசம் தை மாசம். கோயமுத்தூருல பழைய காருங்களையெல்லாம் ஒண்ணாச் சேத்து ஊர்வலம் உடறாங்கன்னு நோட்டீசு வந்துச்சு. ஒரு காலேஜு மைதானத்துல கூடி, அங்கிருந்து பொறப்பட்டு ஊரைச் சுத்தி வரோணும். நல்லா வெச்சிருக்கற வண்டிக்குப் பரிசு. இவரு ரெண்டு மாசம் தூங்கலை. பட்டறை ஆறுச்சாமியைக் கூட்டியாந்து எதெதையோ திருப்புனாரு. மேடு ஏறும்போது நல்லா இழுக்கோணும்னு டைமிங்கை, அதான் எஞ்சினுக்குள்ள பொறி அடிக்கற நேரத்தை, முன்னால தள்ளி வெச்சுட்டாங்க ரெண்டு பேரும். மறுநாள் காத்தால சுத்துனேன், டப்புன்னு திருப்பி அடிச்சுது. கை நழுவிருச்சு, தப்பிச்சேன். அவருகிட்டப் போய்ச் சொன்னேன், ஏனுங்க, வண்டி ஒதைக்குது, டைமிங்கைக் கொஞ்சம் பின்னால தள்ளச் சொல்லுங்கன்னு. உனக்கு என்ன தெரியும், ஆறுச்சாமிக்குத் தெரியாததான்னாரு. சொன்னேன் தம்பி. இதை மனசுல வெச்சுக்கங்க, நான் சொன்னேன்.

ஊர்வலத்தன்னைக்கு அஞ்சு மணிக்கே போயிட்டோம். எப்பேர்ப்பட்ட வண்டிங்க. நெலாவாட்டம் மின்னுச்சு ஒவ்வொண்ணும். தொடைக்கறதுக்கே தனி ஆளு. நான் நல்ல சேலைதான் கட்டியிருந்தேன், ஆனா நகத்துக்குள்ள வண்டி மை இருந்துச்சு, அது எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஹேண்டிலை மஞ்சப் பைக்குள்ள சுத்தி வெச்சிருந்தேன்.

மார்க்குப் போடறதுக்கு மூணு பேரு வந்தாங்க. ஒருத்தர் கையில மைக்கு. ஒவ்வொரு வண்டியாப் போயி கேக்கறாங்க, எது எது ஒரிஜினலுன்னு. இவரு சொல்றாரு, கதவு ரெண்டும் வேற வண்டியோடது, ஹாரன் வேற, கியர் பாக்ஸ் வேற. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். இந்த வண்டியில ஒரிஜினலா இருக்கறது என்ற கை ஒண்ணுதான்னு.

அப்புறம் மைக்கு வெச்சிருந்தவரு கேட்டாரு, இத்தனை வருசம் எப்படிங்க ஓட வெச்சீங்கன்னு. நான் இவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு. இத்தனை சனத்துக்கு முன்னாடி, ஸ்பீக்கருல, என்ற பேரு வரும்னு.

ஒத்த ஆளா நின்னு காப்பாத்துனேனுங்கன்னாரு. ஒரே சுத்துல எடுக்கும்னாரு.

அந்த மைக்குக்காரரு நல்ல மனுசன், என்னைப் பாத்துட்டு, அந்தம்மாவும் உங்ககூட வருவாங்களான்னு கேட்டாரு. இவரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

“அவ சும்மா தொணைக்கு வந்திருக்கா.”

ஸ்பீக்கருல கேட்டுச்சு. மைதானம் பூராக் கேட்டுச்சு. தொணைக்கு. ஆசுபத்திரிக்குப் போனா தொணைக்கு ஒரு ஆளு போவாங்கல்ல, பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு, அப்படி. நான் இருவத்தேழு வருசம் என்னன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனோ, அது இந்த ஒரு சொல்லுல போச்சுங்க.

அழுவேன்னு நெனைச்சீங்களா? அழலை. மஞ்சப் பையில இருந்து ஹேண்டிலை எடுத்தேன். வண்டி மூக்கு மேல வெச்சேன். அந்தப் பக்கம் பந்தல் போட்டு பிளாஸ்டிக் சேரு போட்டிருந்தாங்க, போயி உக்காந்துக்கிட்டேன். யாரோ ஒரு டம்ளர் மோரு குடுத்தாங்க, வாங்கிக் குடிச்சேன்.

ஒம்போது மணிக்குக் கொடி அசைக்கோணும். எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆகி உறுமிக்கிட்டு நிக்குது. இவரு உள்ள உக்காந்து சோக்கை இழுத்து ம்ம்ங்கறாரு. முன்னாடி ஆளில்லை. தலையை நீட்டிப் பாக்கறாரு. நான் சேருல உக்காந்திருக்கேன். கண்ணுல ஜாடை காட்டறாரு, வா வான்னு. நான் மோரு டம்ளரைப் பாத்துக்கிட்டேன். மறுக்கா கூப்புட்டாரு, இந்தத் தடவை பேரு சொல்லி, துளசிமணீன்னு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, உங்களைக் கூப்புடறாருங்கன்னாங்க. நான் தொணைக்கு வந்தவ தானுங்க, என்னை எதுக்குக் கூப்புடறாருன்னேன்.

எறங்குனாரு. எல்லாரும் பாக்கறாங்க, மார்க்குப் போடறவங்க பாக்கறாங்க, சும்மா நிக்க முடியுங்களா. ஹேண்டிலை எடுத்தாரு, ஓட்டைல உட்டாரு. குனிஞ்சாரு. புடிச்சாரு.

கட்டை வெரல் அந்தப் பக்கம் இருந்துச்சு.

நான் பாத்தேன் தம்பி. இருவது அடி தூரம்தான். குடத்தைப் புடிக்கறாப்புல சுத்திப் புடிச்சிருக்காரு. வண்டி ஒதைக்கற வண்டின்னு எனக்குத் தெரியும். வாயைத் தொறந்தாப் போதும். ஏனுங்க, வெரலுன்னு ஒரு வார்த்தை. அவரு பேண்ட் வாத்தியச் சத்தத்துலகூட என்ற கொரலைக் கண்டுக்குவாரு.

தொறக்கலை.

எதுக்குன்னு கேக்காதீங்க. ஆத்திரம்னு சொல்லிக்கலாம், ரோசம்னு சொல்லிக்கலாம். அவருக்கு ஒதை விழோணும்னு நெனைக்கலை, சத்தியமா நெனைக்கலை. சொல்லித் தர மாட்டேன்னுதான் நெனைச்சேன். என்ற கை கத்துக்கிட்டது என்ற கையோட இருக்கட்டும்னு.

டப்புன்னு ஒரு சத்தம். அது வண்டிச் சத்தமா எலும்புச் சத்தமான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. மண்டி போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. மத்தவங்க என்னாச்சு என்னாச்சுன்னு நிக்கறதுக்குள்ள நான் ஓடிட்டேன். செருப்பு ஒண்ணு பந்தல்லயே கெடந்துச்சு. மணிக்கட்டு ஒரு பக்கமாத் திரும்பியிருந்துச்சு. அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கட்டினேன். ஆம்புலன்சு எங்கன்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. நான் அவரைத் தூக்கி இடது சீட்டுல உக்கார வெச்சு, சாவியைப் போட்டு, சோக்கை இழுத்து, எறங்கி, முன்னாடி போயி ஒரே இழுப்பு. எடுத்துருச்சு. எடுக்காம என்ன.

மைதானமே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நான் போயி ஸ்டீரிங்குல உக்காந்தேன். அதுவரைக்கும் ஊட்டு வாசல்ல வண்டி கழுவறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நகத்துனதோட சரி. ரோட்டுல ஓட்டுனதில்லை, லைசென்சும் இல்லை. தப்புத்தான், தெரியும். ஆனா எந்த கியருக்கு வண்டி எப்படி மொனகும்னு எனக்குத் தெரியாதுங்களா, காது இல்லையா எனக்கு? ரெண்டாவது கியருலயே ஆசுபத்திரி வரைக்கும் போனேன். சிக்னலு கைகாட்டி அன்னைக்குன்னு பாத்து மேல எந்திரிக்கலை. இவரு ஒடைஞ்ச கையை மடியில வெச்சுக்கிட்டு, நல்ல கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டறாரு. இடது பக்கம் மட்டுந்தான் நீட்ட முடியும். அதனால இடது பக்கமாத் திரும்பித் திரும்பியே போயிச் சேந்தோம். அஞ்சு நிமிசத்துல போற தூரம், அரை மணி ஆச்சு. வழியில ஒரு எடத்துல, கிளட்சு மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதேன்னாரு. கெரகம், அந்த வலியிலயும்.

டாக்டரு எலும்பைச் சேத்து மாவுக்கட்டுப் போட்டாரு. எப்படிங்க ஆச்சுன்னு கேட்டாரு. வண்டி ஒதைச்சிருச்சுங்கன்னு சொன்னாரு இவரு. டாக்டரு கை கழுவப் போனதும் என்னைப் பாத்தாரு.

“நான் புடிச்சதை நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

அவ்வளவுதான் பேச்சு. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரலை.

பதினோரு நாள் பேசலைங்க அவரு. சோறு ஊட்டி உட்டேன், வாயைத் தொறந்தாரு. தண்ணி வாத்து உட்டேன், முதுகைக் காட்டுனாரு. பேச்சு மட்டும் இல்லை. நானும் பேசலை. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதேன், அது வேற விசயம். அந்தக் கையை நெனச்சு அழுதேன். காயில் கட்டற கைங்க அது, மயிராட்டங் கம்பியை ஒண்ணு மேல ஒண்ணு ஏறாமச் சுத்தற கை. ஆனா காத்தால எந்திரிச்சா அந்தத் தொணைங்கற சொல்லு காதுல கேக்கும். மறுக்கா வாயை மூடிக்குவேன்.

பன்னெண்டாம் நாளு காப்பி டம்ளரை வெக்கப் போனேன். மேசை மேல வண்டிச் சாவி இருந்துச்சு, என்ற பக்கமாத் தள்ளி வெச்சு. கட்டு மாத்தப் போகோணும்னாரு. நான் சாவியை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எல் போர்டு வாங்கி, எட்டுப் போட்டுக் காட்டி, லைசென்சு வாங்கினேன். எட்டுப் போடும்போது அந்த இன்ஸ்பெக்டர், நிறுத்துங்கம்மா போதும்னாரு, நான் நிறுத்தாம இன்னொரு எட்டும் போட்டேன்.

இப்ப நான் ஓட்டறேன், அவரு சுத்தறாரு. இடது கையிலதான். வலது கை சேந்துருச்சு, ஆனா கொஞ்சம் கோணலா நிக்குது. காயில் கட்ட முடியுது, பாரம்தான் தூக்க முடியாது. நாலு சுத்து ஆகும் அவருக்கு, சில நாளைக்கு ஆறு. நான் உள்ள உக்காந்து ம்ம்னு சொல்லுவேன். எடுக்கலைன்னா ஹாரன் அடிப்பேன். ரெண்டு தடவை அடிச்சா வேகமாச் சுத்தோணும்னு அர்த்தம், அவருக்குத் தெரியும்.

போன மாசம் என்ன பண்ணுனாருங்கறீங்க? அந்த ஸ்டார்டர் மோட்டாரைப் பரணுல இருந்து எடுத்து, துரு தொடைச்சு, அந்தக் கோணக் கையிலயே காயில் கட்டி, கொண்டாந்து என்ற முன்னாடி வெச்சாரு. மூணு வாரம் பாடுபட்டிருக்காரு. மாட்டிரலாமான்னாரு. சாக்குல கட்டி கட்டிலுக்குக் கீழ வெச்சுட்டேன். மாட்டலாம், என்ன அவசரம்? இருவத்தேழு வருசத்துக்கு இப்பத்தானே ஒரு வருசம் ஆகியிருக்குது. தண்ணி சீசன் முடியட்டும்.

சிரிக்கறீங்க. நான் கல் நெஞ்சுக்காரின்னு நெனைக்கறீங்க. நெனச்சுக்கங்க. சாவி குடுத்துட்டாரு, டிரைவர் சீட்டைக் குடுத்துட்டாரு, வாயில மட்டும் வர மாட்டேங்குது. யாராச்சும் கேட்டா, கை சரியாகற வரைக்கும் அவ ஓட்டறாம்பாரு. கை எப்பவோ சரியாயிருச்சு. கையைப் பத்திக் கேட்டா, வண்டி ஒதைச்சிருச்சும்பாரு. டாக்டரு கிட்டச் சொன்னதையே தான் ஊரு பூராச் சொல்றாரு. எங்கம்மா கேட்டதுக்கும் அதையே சொன்னாரு, என்ற அண்ணன் கேட்டதுக்கும் அதையே சொன்னாரு. வேற ஒரு வார்த்தை சேக்க மாட்டாரு. வண்டியே ஒதைச்சுதுன்னு சொல்லிக்கறதுல அவருக்கு ஒரு பெருமை போல இருக்குது.

அந்தா, எந்திரிச்சுட்டாரு. பெஞ்சுல இருந்த நாலு பேரும் பின்னாலயே வர்றாங்க பாருங்க, வண்டி எடுக்கறதைப் பாக்கோணுமாம். டீக்கடைக்காரரும் கரண்டியோட எட்டிப் பாக்கறாரு. தம்பி, ஒரே ஒரு ஒத்தாசை. நீங்களே கேளுங்க, வண்டி யாருதுன்னு. நான் கேட்டா ஏதாச்சும் சொல்லி மழுப்பிருவாரு. நீங்க வெளியூரு, போன்ல படம் வேற புடிக்கறீங்க. சும்மா கேளுங்க, நான் சீட்டுல உக்காந்துக்கறேன்.

ம், கேட்டுட்டீங்க. ஏனுங்க, தம்பி கேக்கறாருல்ல? எதுக்கு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கறீங்க? நாலு பேரு நிக்கறாங்க, அஞ்சாவது டீக்கடைக்காரரு. சொல்லுங்க.

“அவளுதுதானுங்க தம்பி. வண்டியும் அவளுது, இந்தக் கையும் அவளுது.”

கேட்டுச்சுங்களா தம்பி? சொல்லிட்டாரு. ரெண்டையும் சொல்லிட்டாரு. ரெண்டாவதை இத்தனை நாள்ல ஒரு ஆளுகிட்டச் சொன்னதில்லைங்க இவரு. என்ற அண்ணன் கிட்டக்கூடச் சொல்லலை. எங்கம்மா கிட்டக்கூடச் சொல்லலை.

எல்லாரும் ஏன் கையையே பாக்கறீங்க? கை எப்படி அவளுதாகும்னுதானே? இருங்க, நானே சொல்றேன். இவரு சொல்ல வேண்டாம், இவரு சொன்னது போதும். அன்னைக்கு இவரு கட்டை வெரலை மடக்கிப் புடிச்சாரு. அது தப்புன்னு எனக்குத் தெரியும். நான் இருவது அடி தூரத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், வாயைத் தொறக்கலை. இனி யாரும் வண்டி மேல பழி போட வேண்டாம். டீக்கடைக்காரரே, உங்களுக்கும் கேட்டுச்சுங்களா? நல்லாக் கேட்டுக்கங்க.

இல்லைங்க, நான் ஒண்ணும் அழலை. ஏனுங்க, நீங்க மொதல்ல கண்ணைத் தொடைங்க, ஹேண்டில்ல வெரலைப் பாத்துப் புடிக்கோணும். தம்பி, நீங்க கொஞ்சம் அக்கட்ட நில்லுங்க, வண்டி எடுக்கோணும்.